வலப்பக்க எழுத்து திரும்பித் தெரிகிறதா?

தம்பி, எக்ஸ்-பிளேன் என்ற விமான ஓட்டு சிமுலேட்டரில் போயிங் 737-க்கு 1972-இல் பிரிவதற்கு முந்திய மலேசியா-சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் சாயம் பூசியதில், வலப்பக்கப் பெயர் கண்ணாடியில் பார்த்தது போலத் திரும்பிவிட்டது, திருத்திச் சேமித்தும் மாறவில்லை என்கிறீர்கள். இவை இரண்டு தனி வியாதிகள்.

மாறாததுதான் சுலபம். விமானத்தின் சாயங்கள் இருக்கும் லிவரீஸ் கோப்புறைக்குள் உங்கள் கோப்புறை, அதற்குள் ஆப்ஜெக்ட்ஸ் கோப்புறை, அதில் மூலப் படத்தின் அதே பெயரில் உங்கள் படம். ஓர் எழுத்து பிசகினாலும் பழைய சாயம்தான் வரும். அதே பெயரில் டிடிஎஸ், பிஎன்ஜி என்ற இரண்டு வகைப் படக் கோப்பும் கிடந்தால் டிடிஎஸ்தான் ஏறும். பழைய டிடிஎஸ்ஸை அங்கிருந்து நகர்த்துங்கள். நான் இதைக் கண்டுபிடிக்க ஒரு தீபாவளி லீவையே தின்றேன்.

எழுத்து விஷயத்துக்கு ஒரு சோதனை. இங்கே மலேசியாவில் சுங்கை சிப்புட் ரப்பர் தோட்டத்தில் பால்மர நிரைக்கு நம்பர் போடுவார்களே, அதுபோல வெற்றுப் படம் முழுக்கக் கட்டம் கட்டி நம்பர் எழுதி ஏற்றுங்கள். விமானத்தைச் சுற்றிப் பாருங்கள். இடப்பக்கம் 14 நேராகவும் வலப்பக்கம் அதே 14 திரும்பியும் தெரிந்தால், இரண்டு பக்கமும் ஒரே துண்டுப் படத்தைப் பங்கு போடுகின்றன. படம் திருத்தும் மென்பொருளான கிம்ப்பில் எவ்வளவு புரட்டினாலும் தீராது. பக்கங்கள் தனியாகப் பிரிந்த வேறு மாடல்தான் வேண்டும். நம்பர் வேறு வேறு என்றால், வலப்பக்க எழுத்து லேயரை மட்டும் கிடையாகப் புரட்டுங்கள், போதும்.

இன்னொன்று: டிடிஎஸ் வழக்கமான அழுத்தத்தில் 4×4 புள்ளிக் கட்டங்களாக நிறத்தைச் சுருக்கும். மெல்லிய கோட்டோரம் அழுக்காகத் தெரிவது அதனால்தான். பிஎன்ஜியிலேயே விடுங்கள்.