பட்டாளத்துச் சலவை மெஷின்: கேட்டதும் சொன்னதும்

ராணுவ மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் மெஷின் பராமரிப்பில் இருந்துவிட்டு, இப்போது காரைக்குடியில் விடுதிகளுக்கும் கல்யாண மண்டபங்களுக்கும் அதே வேலையைப் பார்க்கிறேன். "பட்டாளத்துல ஓடுற மாதிரி ஒரு மெஷின் வேணும்ணே" என்று வாரம் தவறாமல் யாராவது கேட்கிறார்கள். வந்த கேள்விகளை வரிசை பார்க்காமல் எடுத்துக்கொள்கிறேன்.

அண்ணே, அதில் அப்படி என்ன தனி? வீட்டு மெஷினைப் பெரிதாகச் செய்ததுதானே? (தேவகோட்டையிலிருந்து ஒரு தம்பி)

இல்லை தம்பி. வீட்டு மெஷினில் டிரம் ஸ்பிரிங்கில் தொங்கும். பட்டாளத்து வகையில் பெரும்பாலும் ஸ்பிரிங்கே கிடையாது. சட்டத்தோடு சேர்த்துக் கான்கிரீட்டில் போல்ட் போட்டு இறுக்கிவிடுவோம். தண்ணீர் வெளியேற்றப் பம்ப் கிடையாது. அடியில் அகலமாக ஒரு வால்வு. திறந்தால் தானாக விழும். பித்தான், காசு, பீடிக்கட்டு எல்லாம் அதோடு போய்விடும்.

பழைய வகைகளில் எலக்ட்ரானிக் போர்டும் இருக்காது. கேம் டைமர்தான். விளிம்பில் வெட்டு வெட்டாக இருக்கும் சின்னச் சக்கரங்கள் ஒரே தண்டில் மெல்லச் சுற்றி, ஒவ்வொன்றும் தன் சுவிட்சை அமுக்கும். மூடியைக் கழற்றினால் எந்தச் சக்கரம் எந்த வால்வுக்கு என்று கண்ணாலேயே பார்க்கலாம். போன மாதம் ஒரு விடுதியில் புது மெஷின் நின்றுபோயிற்று. திறந்தால் போர்டில் ஒரு பல்லி கருகிக் கிடக்கிறது. போர்டையே மாற்ற வேண்டியதாயிற்று. கேம் டைமரில் அதே பல்லி விழுந்திருந்தால் குச்சியால் எடுத்துப் போட்டுவிட்டு, சுவிட்சு முனையைத் தேய்த்து ஓட விட்டிருப்பேன்.

உடையாத மெஷின் என்று எதுவும் இல்லை. உடைந்தது எது என்று ஸ்பேனர் பிடித்தவனுக்குப் பார்த்ததும் தெரிய வேண்டும், அவ்வளவுதான் இதன் சூட்சுமம்.

துணி துவைக்க ராணுவத்துக்கு ஏன் இவ்வளவு ஏற்பாடு? (காரைக்குடி, கல்லூரி மாணவி)

சீலைப்பேன் அம்மா. முதல் உலகப் போரில் பதுங்குகுழிகளில் கிடந்த சிப்பாய்களைப் போட்டு வாட்டிய 'அகழிக் காய்ச்சல்' சீலைப்பேனால் பரவுகிறது என்று 1918-ல் உறுதியாயிற்று. டைபஸ் காய்ச்சலும் அதன் வழிதான். தலைப்பேன் மாதிரி இல்லை இது. துணியின் தையல் மடிப்பில் குடியிருந்து முட்டை வைக்கும். 54 டிகிரிக்கு மேல் சூடு கொடுத்தால் சாகும். அதனால் குளிக்க வைப்பதும் துணி வெளுப்பதும் படையின் வேலையாகவே ஆயிற்று. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படை, டிரம், தண்ணீர் சூடாக்கி, ஜெனரேட்டர் எல்லாவற்றையும் லாரி இழுக்கும் டிரெய்லரில் ஏற்றி, ஆற்றோரமாக நிறுத்தித் துவைத்தது.

நம் ஊர் வண்ணார் வெள்ளாவி வைத்ததும் இதே சங்கதிதான். உவர்மண்ணின் காரம், மேலே நீராவி. அழுக்கும் போகும், பூச்சியும் சாகும்.

குஜராத்தில் ஆலங் என்ற ஊரில் கப்பல் உடைக்கும் இடத்திலிருந்து ஒரு சலவை மெஷின் மலிவாக வந்தது. 440 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் என்று தகட்டில் இருக்கிறது. நம் த்ரீ பேஸில் கொடுக்கலாமா? (கானாடுகாத்தான், விடுதி நடத்துபவர்)

அப்படியே கொடுத்துவிடாதீர்கள் அண்ணே. கப்பல் மெஷின் பட்டாளத்து மெஷினுக்குப் பங்காளி. இரும்பு நல்ல இரும்பு. சிக்கல் கரண்டில். நம்முடையது 415 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். ஹெர்ட்ஸ் ஆறில் ஒரு பங்கு குறைகிறது. அதே கணக்கில் வோல்டேஜும் 367-க்கு இறங்கினால்தான் அந்த மோட்டாருக்குச் சரி. 415 கொடுத்தால் உறுமும், சூடேறும். நிமிடத்துக்கு 1750 சுற்று ஓட வேண்டியது 1450-க்கு வந்துவிடுவதால் அதன் விசிறியும் மெதுவாகும். சூடு கூட, காற்றுக் குறைவு. ஒரு சீசன் தாங்காது.

நான் செய்வது இது: அந்த மோட்டாரை இறக்கிவிட்டு, இங்கேயே கிடைக்கும் 50 ஹெர்ட்ஸ் மோட்டாரைப் போடுவேன். மோட்டார் பக்கத்துப் புல்லி (பெல்ட் ஓடும் சக்கரம்) 100 மில்லிமீட்டர் விட்டம் இருந்தால் 120 மில்லிமீட்டர் போடுவேன். டிரம் பழைய வேகத்துக்கே வந்துவிடும். டைமருக்கும் வால்வுகளுக்கும் கரண்டு கொடுக்கும் கன்ட்ரோல் டிரான்ஸ்பார்மரையும் நம் கரண்டுக்கு ஏற்றதாக மாற்றிவிடுங்கள். டைமர் மோட்டார் கரண்டின் ஹெர்ட்ஸை வைத்து ஓடுவது என்றால் 30 நிமிடத் துவைப்பு 36 நிமிடம் ஆகும். அதனால் துணிக்கு ஒன்றும் வந்துவிடாது, விடுங்கள்.

ஒரு பேஸ் போனால் மோட்டாரை நிறுத்தும் ரிலே மட்டும் கட்டாயம். நம் பக்கம் கருகும் மோட்டார்களில் பாதி, இரண்டு பேஸில் முக்கி முக்கி ஓடிக் கருகியதுதான்.

வளவுக்கு (வீட்டு நடு முற்றத்துக்கு) பக்கத்து அறையில் ஆத்தங்குடிக் கல் மேலேயே வைத்து போல்ட் அடிக்கலாமா? (அதே கானாடுகாத்தான் அண்ணன்)

ஐயோ! கண்ணாடி மேல் வார்த்து எடுத்த சிமெண்டுக் கல் அது. டிரம் சுற்றும் அதிர்வில் ஒரு மாதத்தில் கீறல் விடும். அப்புறம் அதே பூவும் அதே நிறமும் தேடி அலைவீர்கள். பின்கட்டுக்கு வெளியே தனி மேடை போடுங்கள். வால்வு அடியில் இருப்பதால் மேடை உயரமாக இருந்தால்தான் தண்ணீர் ஓடும். ரசமட்டம் வைத்துப் பார்த்துவிட்டுக் கான்கிரீட் போடுங்கள். கான்கிரீட் 28 நாள் நனைந்து இறுகட்டும். ஒரு மண்டபத்தில் முகூர்த்தம் நெருங்குகிறது என்று 4-ம் நாளே ஓட்டினார்கள்; போல்ட் கான்கிரீட்டோடு கையில் வந்தது.

கண்டாங்கிச் சேலை போடலாமா?

கூடாது. கையால் அலசுங்கள்.

கரண்டு போனால் என்ன ஆகும்? (புதுவயல்)

பல மெஷின்களில் தண்ணீரை வெளியே விடும் அந்த அடி வால்வு கரண்டு இருந்தால்தான் மூடியிருக்கும். கரண்டு போனால் சோப்புத் தண்ணீர் மொத்தமும் சாக்கடைக்குப் போய்விடும். கப்பலிலும் மருத்துவமனையிலும் ஜெனரேட்டர் உண்டு. உங்களிடம் இல்லையென்றால் மதியம் கரண்டு போகும் நேரம் பார்த்துப் போடாதீர்கள்.

பிழிந்த பிறகும் துணி ஈரமாகவே வருகிறதாமே? (தேவகோட்டைத் தம்பியே)

ஆமாம். ஸ்பிரிங் இல்லாததால் வேகமாகச் சுழற்ற முடியாது. குளிர் நாட்டில் அது பெரிய குறை, உலர்த்தும் மெஷினுக்குச் செலவு ஏறும். நமக்குச் சித்திரை வெயில் இருக்கிறது. மொட்டை மாடியில் போர்வை கடைசிக் கொடியில் போடுவதற்குள் முதல் கொடியில் காய்ந்துவிடும். ஐப்பசி, கார்த்திகையில்தான் திண்டாட்டம்.

போர்வெல் தண்ணீர் உப்பு. எவர்சில்வர் டிரம்தானே, ஒன்றும் ஆகாதே? (காரைக்குடி)

ஆகும். துரு அரிப்பை ஆராய்வதற்கென்றே பேர்போன மத்திய மின்வேதியியல் ஆய்வகம், சிக்ரி, 1953 முதல் நம் ஊரிலேயே இருக்கிறது; அங்கே வேலை பார்க்கும் யாரையும் கேளுங்கள். 304 ரக எவர்சில்வருக்கு எதிரி குளோரைடு. போர்வெல் தண்ணீரில் கொஞ்சம், பிளீச்சிங் பவுடரில் நிறைய. அதைப் போட்டு ராத்திரி முழுக்க ஊற விட்டால் ஊசி குத்தின மாதிரி ஓட்டை விழும். வேலை முடிந்ததும் நல்ல தண்ணீரில் அலசி, கதவைத் திறந்து வையுங்கள். கடினத் தண்ணீரில் பார் சோப்பும் வேண்டாம். தயிர் மாதிரித் திரிந்து துணியிலேயே ஒட்டும்.

தம்பி, நானும் அவுகளும் ரெண்டு பேர்தான். கெட்டியா இருக்கும்னு இதையே ஒண்ணு வாங்கிப் போட்டுக்கிடலாமா? (பள்ளத்தூரிலிருந்து ஓர் ஆச்சி)

வேண்டாம் ஆச்சி. ஒரு கிலோ துணிக்கு டிரம்மில் பத்து லிட்டர் இடம் என்பது கணக்கு. சின்ன மெஷின் என்றாலே பத்துக் கிலோ பிடிக்கும். உங்கள் இரண்டு பேர் துணியைப் போட்டால் ஒரு பக்கமாக ஒதுங்கி டமடமவென்று அடிக்கும். தண்ணீரும் வீண். ஒரே டயல் வைத்த சாதாரண வீட்டு மெஷின் போதும் உங்களுக்கு.

பழையது வாங்கும்போது எதைப் பார்ப்பது? (புதுவயல்)

பெயிண்ட்டைப் பார்க்காதீர்கள். பெல்ட்டைக் கழற்றச் சொல்லுங்கள். டிரம் விளிம்பை உள்ளே கைவிட்டு மேல்நோக்கித் தூக்குங்கள். லொடக் என்றால் பேரிங் போயிற்று. பின்னால் தண்டுக்கு அடியில், ஆயில் சீலுக்கும் பேரிங்குக்கும் நடுவில் பல மெஷின்களில் விரல் நுனி அளவு ஓட்டை இருக்கும். சீல் கிழிந்தால் தண்ணீர் பேரிங்குக்குப் போகாமல் அந்த வழியாகச் சொட்டட்டும் என்று வைத்தது. அங்கே துருக் கோடு இறங்கியிருந்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள். அந்த ஓட்டையில் யாராவது எம்-சீல் வைத்து அடைத்திருந்தால், மெஷினை அங்கேயே விட்டுவிட்டு பஸ் ஏறிவிடுங்கள்.