ட்ரோன் பறக்கவிட போனா, ஐபேடா?

கேள்வி: டிஜேஐ மினி 2 ட்ரோன் வைத்திருக்கிறேன். பழைய ஆண்ட்ராய்டு போனில் படம் விட்டுவிட்டு வருகிறது, வெயிலில் திரையும் தெரிவதில்லை. புது போன் வாங்குவதா, ஐபேட் வாங்குவதா?

பதில்: கடைக்குப் போகுமுன் கேபிளை மாற்றிப் பாருங்கள். ட்ரோன் பத்தடி தூரத்தில் நிற்கும்போதே படம் விக்கினால் கோளாறு சிக்னலில் இல்லை, கேபிளிலோ போனிலோதான். சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிளில் படமே வராது. உள்ளே நைந்த கேபிளில் வந்து வந்து போகும். ரிமோட்டின் அடியில் உள்ள டைப்-சி துளை ரிமோட்டுக்குச் சார்ஜ் ஏற்றத்தான்; போனை மேலே பிடிமானத்தில் இருக்கும் கேபிளில் மாட்டுங்கள்.

கேபிள் சரியாக இருந்தும் விக்கினால் போனை மாற்றலாம். முதலில் பார்க்க வேண்டியது திரை வெளிச்சம்; அதை நிட்ஸ் என்ற அலகில் சொல்வார்கள். 500 நிட்ஸ் திரை உச்சி வெயிலில் கண்ணாடி மாதிரி உங்கள் முகத்தைத்தான் காட்டும்; 1000 நிட்ஸ் இருந்தால் நிம்மதி. ஆனால் சூடேறினால் எந்த போனும் திரையைத் தானாக மங்கலாக்கிவிடும். ஆகவே நிழலில் நில்லுங்கள், பின் கவரைக் கழற்றிவிடுங்கள். உங்கள் ரிமோட்டில் 180 x 86 x 10 மில்லிமீட்டர் வரைதான் போன் உட்காரும். தடித்த கவர் போட்டால் பிடிக்காது. மாட்டும்போது பிடிமானம் பவர் பட்டனை அழுத்துகிறதா என்றும் பாருங்கள், அழுத்தினால் திரை அணைந்துவிடும்.

ஆண்ட்ராய்டு வாங்கினால், டிஜேஐ தளத்தில் உள்ள ஆதரவுப் பட்டியலில் அந்த மாடல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

ஐபேட் மினி பெரிதாகத் தெரியும், ஆனால் தனி ஸ்டாண்ட் வேண்டும், கைக்கும் பாரம். வைஃபை மட்டும் உள்ள ஐபேடில் ஜிபிஎஸ் கிடையாது. ட்ரோனுக்கே சொந்தமாக ஜிபிஎஸ் இருப்பதால், கிளம்பிய இடத்துக்கு அது திரும்பி வந்துவிடும். நீங்கள் படகிலோ வண்டியிலோ நகர்ந்துகொண்டே பறக்கவிடும்போதுதான் சிக்கல்: திரும்பும் இடத்தை உங்கள் இருப்பிடத்துக்கு மாற்ற முடியாது. அப்படிப் பறக்கவிடுவதாக இருந்தால் ஜிபிஎஸ் உள்ள, சிம் அல்லது இ-சிம் வசதி கொண்ட மாடலையே வாங்குங்கள். உங்கள் தேவைக்கு நல்ல வெளிச்சமுள்ள போனே போதும் என்பது எங்கள் கருத்து. திரையோடு வரும் டிஜேஐ ஆர்சி ரிமோட் மினி 2-உடன் சேராது, அதில் பணத்தைப் போட்டுவிடாதீர்கள்.

பறக்கும்போது போனில் ஆப் உறைந்தால் பதற வேண்டாம். ட்ரோன் பேசுவது ரிமோட்டோடு, போனோடு அல்ல. ரிமோட்டில் உள்ள குச்சிகள் வேலை செய்யும். அதிலேயே இருக்கும் வீடு திரும்பும் (ஆர்டிஎச்) பட்டனை பீப் ஒலி வரும்வரை அழுத்திப் பிடியுங்கள்.