முலாம் பூசியபின் இறுகும் உருளை

கேள்வி: சுடாத மாதிரி ரிவால்வர் ஒன்றை, காட்சிக்கு வைப்பதற்காக முழுக்கப் பிரித்து நிக்கல் முலாம் பூசினேன். திரும்பப் பூட்டினால் உருளை பாதிச் சுற்றிலேயே இறுகுகிறது. சுத்தியலை இழுத்தால் நடுவில் நின்றுவிடுகிறது. எங்கே தேய்க்க வேண்டும்?

பதில்: எமரி தாளைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். எங்கே பிடிக்கிறது என்று தெரியாமல் தேய்த்தால் முலாம்தான் போகும்.

முதலில் கணக்கு. உருளையின் அச்சுக்கம்பி 6.00 மி.மீ., துளை 6.04 மி.மீ. என்று வையுங்கள். இரண்டிலும் பக்கத்துக்கு 10 மைக்ரான் (0.01 மி.மீ.) நிக்கல் ஏறினால் கம்பி 6.02 ஆகிறது, துளை 6.02 ஆகிறது. இருந்த இடைவெளி அத்தனையும் போய்விட்டது. மரையில் இன்னும் மோசம்: சாதாரண 60 பாகை மரையில் முலாம் கனத்தைப்போல் நான்கு மடங்கு இறுக்கம் கூடும். திருகு பாதியில் நின்றால் முறுக்காதீர்கள். அதே அளவு டேப்பை (மரை வெட்டும் கருவியை) கையால் ஒருமுறை ஓட்டி எடுங்கள்.

மின்முலாம் எல்லா இடத்திலும் ஒரே கனமாகப் படியாது. விளிம்பில் கனமாகவும் துளையின் ஆழத்தில் மெல்லிசாகவும் படியும். ஆகவே பெரும்பாலும் துளையின் வாய்தான் பிடிக்கும்.

சோதிக்கும் வரிசை: கம்பியை மட்டும் சட்டத்தில் (ரிவால்வரின் உடற்பகுதியில்) நுழைத்துப் பாருங்கள். பிறகு உருளையில் மட்டும். இரண்டிலும் ஓடினால், உருளையைச் சட்டத்தில் மாட்டி, அதைத் தள்ளும் நெம்பு இல்லாமல் விரலால் சுழற்றுங்கள். கடைசியில் நெம்பையும், உருளையை நிறுத்திப் பிடிக்கும் பூட்டு நாக்கையும் ஒவ்வொன்றாகச் சேருங்கள். எதைச் சேர்த்ததும் இறுகுகிறதோ, அதில் கறுப்பு மார்க்கர் பூசி நாலைந்து முறை இயக்குங்கள். மை அழிந்து பளபளக்கும் இடம்தான் குற்றவாளி. மரக்குச்சியில் 1000 எண் எமரி சுற்றி அங்கே மட்டும் இரண்டு மூன்று திருப்பு, துடைத்து மறுபடி சோதனை. டிரில் மெஷின் வேண்டாம். வாயோரத்து நிக்கல் ஏடாகப் பெயர்ந்துவிடும். மெருகேற்றும் பஃபிங் பசை நெம்பு ஓடும் பள்ளத்தில் காய்ந்து கிடந்தாலும் இதே கோளாறுதான். மண்ணெண்ணெயும் பிரஷும் போதும்.

உருளை இறுகாமல், நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் வழுக்கினால் அது முலாமின் தவறல்ல. பெரும்பாலும், முலாமுக்கு முன் பஃப் செய்தவர் பூட்டு நாக்கு விழும் பள்ளங்களின் கூர்மையை உருட்டிவிட்டிருப்பார். அதற்கு வேறு உருளைதான்.

கேள்வி: முலாம் பூசிய சுத்தியல் ஸ்பிரிங் மறுநாளே ஒடிந்தது. ஏன்?

பதில்: அமிலத்திலும் முலாம் தொட்டியிலும் ஹைட்ரஜன் எஃகுக்குள் புகுந்து அதை நொறுங்கவைக்கிறது. கடினமான எஃகில்தான் இந்த ஆபத்து அதிகம். பூசிய நான்கு மணி நேரத்துக்குள் 190 முதல் 220 டிகிரி செல்சியஸில் பல மணி நேரம் சூடாக்கினால் பெரும்பாலும் தப்பலாம். நாள் கழித்துச் சூடாக்கி, விழுந்த விரிசலை மூட முடியாது. ஸ்பிரிங்கைப் பூசவே வேண்டாம் என்பதே எங்கள் கட்சி. உள்ளே இருப்பதை யார் பார்க்கப் போகிறார்கள்?

கேள்வி: துத்தநாகக் கலவைச் சட்டத்தில் முலாம் கொப்புளமாக எழுகிறதே?

பதில்: நிக்கல் தொட்டியின் அமிலம் துத்தநாகத்தை அரிக்கும். அதனால் முதலில் செம்பு அடிப்பூச்சு முழுமையாக மூட வேண்டும். கொப்புளத்தின் மேல் மறுபூச்சு நிற்காது; பழையதை உரித்து, வார்ப்பின் ஊசித்துளைகளைச் சரிசெய்து, செம்பிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள்.