இத்தாலிய நகரங்களுக்குக் காசு வந்த வழி: கேள்வி பதில்

போட்டித் தேர்வு மாணவி: 1453இல் கிரேக்கம் பேசிய பைசாந்தியப் பேரரசின் தலைநகர் கான்ஸ்டான்டிநோபிள் துருக்கியரிடம் வீழ்ந்ததால்தான் மறுமலர்ச்சி பிறந்தது என்று படித்தோம். சரியா சார்?

பதில்: தேர்வில் அப்படியே எழுதி மதிப்பெண் வாங்கிக்கொள்ளுங்கள் அம்மா. ஆனால் காலக்கணக்கு உதைக்கிறது. கிரேக்கம் கற்பிக்க அங்கிருந்து அறிஞர் மனுவேல் கிறிசோலோராஸ் ஃபுளோரன்சுக்கு வந்தது 1397இல். கட்டடக் கலைஞர் புருனெல்லெஸ்கி ஃபுளோரன்ஸ் பேராலயக் குவிமாடத்தை எழுப்பி முடித்தது 1436இல். 1453க்குப் பிறகு வந்த அறிஞர்களும் ஏடுகளும் வேகத்தைக் கூட்டின, அவ்வளவுதான்.

மளிகை வியாபாரி: அந்த ஊர்களில் மட்டும் எப்படி அவ்வளவு பணம் புரண்டது?

பதில்: உங்கள் கடைச் சரக்குக்கும் அதில் பங்குண்டு அண்ணாச்சி. மலபார் மிளகு செங்கடல் வழியாக அலெக்சாந்திரியா போய்ச் சேரும். அங்கிருந்து ஐரோப்பாவுக்குக் கப்பலேற்றியதில் பெரும்பங்கு வெனிஸ்காரர்களுடையது. ஃபுளோரன்சுக்குக் கடற்கரையே கிடையாது. இங்கிலாந்திலிருந்து ஆட்டுரோமம் வாங்கி, நெய்து, சாயமேற்றி விற்றே வளர்ந்த ஊர் அது. 1252இல் சுமார் மூன்றரை கிராம் எடையில் ஃபுளோரின் என்ற தங்கக்காசை வெளியிட்டது. அது ஐரோப்பா முழுக்கச் செல்லுபடியானது.

வங்கி ஊழியர்: வட்டி பாவம் என்றது திருச்சபை. பிறகு ஃபுளோரன்சின் மெடிச்சி குடும்பம் எப்படி வங்கி நடத்தியது?

பதில்: நல்ல கேள்வி. வட்டி என்ற பெயரில் வாங்கினால்தானே பாவம்! உண்டியல், அதாவது வேறு ஊரில் பணம் தரச் சொல்லும் மாற்றுச் சீட்டு, எழுதினார்கள். ஃபுளோரன்சில் ஃபுளோரினாகக் கொடுத்த தொகையை, சில மாதம் கழித்து லண்டனில் ஸ்டெர்லிங்காகத் திரும்பப் பெறுவார்கள். லாபம் நாணயமாற்று விகிதத்துக்குள் ஒளிந்திருக்கும். கேட்டால், இது கடனே இல்லை, செலாவணி என்பார்கள். இறையியலாளர்களில் சிலர் ஏற்றார்கள், சிலர் முறைத்தார்கள்.

ஆனாலும் உள்ளுக்குள் உறுத்தல் இருந்தது. பதுவா நகரத்து ஸ்க்ரொவேஞ்ஞி என்ற வட்டிக்காரரைக் கவிஞர் தாந்தே தன் காவியத்தில் நரகத்தில் உட்கார வைத்தார். அந்த வட்டிக்காரரின் மகன் என்ரிக்கோ கட்டிய சிற்றாலயத்தில்தான் ஓவியர் ஜொத்தோவின் புகழ்பெற்ற சுவரோவியங்கள் இருக்கின்றன. அவை 1305 வாக்கில் தீட்டப்பட்டவை. கோசிமோ டி மெடிச்சி சான் மார்கோ மடத்தைப் புதுப்பித்ததிலும் இந்த அச்சம் கலந்திருந்தது என்பதே என் கணிப்பு. பக்தி பாதி, பகட்டு பாதி.

ஓவியக் கல்லூரி மாணவர்: மெடிச்சி இல்லையென்றால் இந்தக் கலையே இல்லையா சார்?

பதில்: அவர்களுக்குக் கிடைத்த புகழ் கொஞ்சம் அதிகம் தம்பி. 1401இல் ஃபுளோரன்சின் ஞானஸ்நான மண்டபக் கதவுக்குப் போட்டி வைத்தது காலிமாலா என்ற துணிவணிகர் சங்கம். வென்றவர் கிபெர்ட்டி, தோற்றவர் புருனெல்லெஸ்கி. பேராலய வேலை கம்பளிச் சங்கத்தின் பொறுப்பு. கைவிடப்பட்ட குழந்தைகளுக்கான இல்லம் பட்டுச் சங்கத்தின் செலவு. ஒரு சங்கம் செய்ததை விஞ்ச வேண்டும் என்று அடுத்த சங்கம் துடித்தது. சிற்பிகளுக்கு யோகம்.

ஓய்வுபெற்ற ஆசிரியர்: ஃபுளோரன்சைக் குடியரசு என்கிறார்களே, சாமானியனுக்குப் பங்கு இருந்ததா?

பதில்: இல்லை ஐயா. சங்கத்தில் இருந்தவனுக்கே பதவி. ரோமம் அடித்த கூலிகள் 1378இல் கிளர்ந்தெழுந்து தங்களுக்கும் சங்கம் பெற்றார்கள். சில வாரங்களிலேயே அதைக் கலைத்துவிட்டார்கள்.

அதே மளிகை வியாபாரி: வாஸ்கோ ட காமா 1498இல் கோழிக்கோடு வந்ததும் வெனிஸ் படுத்துவிட்டதா?

பதில்: முதலில் ஆட்டம் கண்டது உண்மை. பிறகு 16ஆம் நூற்றாண்டின் நடுவில் பழைய செங்கடல் வழியிலேயே மிளகு மறுபடி தாராளமாக வந்தது. இத்தாலிய நகரங்களுக்கு அதைவிட உடனடியான அடி படையெடுப்புதான். 1494இல் பிரெஞ்சு மன்னர் எட்டாம் சார்லஸ் இத்தாலிக்குள் நுழைந்தார். அந்த ஆண்டே மெடிச்சிகளை ஃபுளோரன்ஸ் விரட்டியது, அவர்கள் வங்கியும் மூடப்பட்டது.