‘வலதுபக்கம் உள்ள பட்டனை அழுத்தவும்’ என்று எழுதினால் என்ன பிரச்சினை?

உதவிக் குறிப்புகளில் ‘வலதுபக்க பட்டன்’, ‘மேல் மூலையில் உள்ள படம்’ என்றெல்லாம் எழுதக் கூடாது என்கிறார்களே, ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள்.

எழுதலாம். அதை மட்டுமே அடையாளமாகச் சொல்லிவிட்டு நிறுத்தக் கூடாது, அவ்வளவுதான்.

என்னோடு வேலை பார்க்கும் நண்பர் ஒருவருக்குப் பார்வை இல்லை. என்விடிஏ என்ற இலவச ஸ்க்ரீன் ரீடரை, அதாவது திரையில் இருப்பதைக் குரலில் வாசித்துச் சொல்லும் மென்பொருளை வைத்துத்தான் கணினியில் எல்லா வேலையும் செய்கிறார். பக்கத்தின் நிரலில் எது முதலில் இருக்கிறதோ அதை முதலில் வாசித்து, வரிசையாக அது போய்க்கொண்டே இருக்கும். ‘பி’ விசையைத் தட்டினால் அடுத்த பட்டன், ‘ஹெச்’ தட்டினால் அடுத்த தலைப்பு. இதில் இடம் ஏது, வலம் ஏது? ஒருமுறை ஒரு விண்ணப்பத்தில் ‘வலதுபக்கம் உள்ள பச்சை பட்டனை அழுத்தவும்’ என்று இருந்தது. அவர் தட்டத் தட்ட ‘பட்டன்’, ‘பட்டன்’ என்று மட்டுமே குரல் வந்தது. எதற்கும் பெயரே வைக்கவில்லை. கடைசியில் வேறொருவர் வந்து உட்கார்ந்து, அவருடைய சம்பள விவரம் வரை பார்த்து நிரப்பிக் கொடுத்தார். எனக்கு அதுதான் பொறுக்கவில்லை.

பார்வை உள்ளவர்களுக்கும் இந்தத் தொல்லை உண்டு. கணினியில் வலப்பக்கம் நிற்கும் பத்தி, கைபேசியில் அடியில் போய் விழுந்துவிடும். எழுத்தைப் பெரிதாக்கிப் படிப்பவர் திரையின் ஒரு மூலையை மட்டுமே பார்த்துக்கொண்டிருப்பார். அரபு, உருது பக்கங்களில் அமைப்பே இடம் வலமாகப் புரண்டுவிடும்.

இணையப் பக்கங்களை மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தும்படி அமைப்பதற்காக 2008இல் வந்த டபிள்யூசிஏஜி 2.0 என்ற சர்வதேச நெறிமுறையில் 1.3.3 என்ற விதி இதற்காகவே இருக்கிறது: வடிவம், அளவு, இடம், ஒலி இவற்றை மட்டும் நம்பி வழிகாட்டக் கூடாது. அடிப்படை நிலையான ‘ஏ’ பிரிவிலேயே அதை வைத்திருக்கிறார்கள். ‘கீழே உள்ள பட்டியல்’ என்பதற்கு மட்டும் விலக்கு உண்டு. வாசிக்கும் வரிசையிலும் அந்தப் பட்டியல் அடுத்து வந்தால் சரி.

அதற்காகத் திசையை அடியோடு தூக்கிவிடாதீர்கள். புதிதாகக் கணினி பழகுகிற பெரியவர்களுக்கும், நிறைய எழுத்தைப் படித்துப் புரிந்துகொள்ளச் சிரமப்படுகிறவர்களுக்கும் ‘வலது மூலையில்’ என்பது பெரிய உதவி. ‘புகைப்படம் என்ற தலைப்பின் கீழ், வலதுபக்கம் உள்ள கோப்பைத் தேர்ந்தெடு பட்டனை அழுத்தவும்’ என்று எழுதினால் இரண்டு பேருக்கும் வழி கிடைக்கும்.

அப்புறம், பல பக்கங்களில் எழுத்தே இல்லாமல் நிற்கும் அந்த மூன்று புள்ளி ஐகான். அதற்குப் பெயரே இல்லையென்றால் நீங்கள் எப்படி எழுதியும் பயனில்லை. ஸ்க்ரீன் ரீடர் வாசிப்பதற்காக நிரலில் பெயர் எழுதும் இடமான ஏரியா-லேபிளில் (aria-label) ‘மேலும் விருப்பங்கள்’ என்று போடச் சொல்லி டெவலப்பரிடம் கேளுங்கள். ஒரு வரி வேலைதான். குறிப்பிலும் அதே பெயரை எழுத்து மாறாமல் எழுதுங்கள். அப்போதுதான் தேடினால் கிடைக்கும்.