கை நரம்பு ஆபரேஷன்: பில் எங்கே ஏறுகிறது, காப்பீடு எங்கே நழுவுகிறது?

கேள்வி: வலது கையில் கட்டைவிரல் முதல் மோதிர விரல் வரை மரப்பு. ராத்திரியில் கையை உதறிக்கொண்டே எழுந்திருக்கிறேன். கார்பல் டன்னல், ஆபரேஷன் வேண்டும் என்கிறார்கள். ஓரிடத்தில் 28,000 ரூபாய், இன்னோரிடத்தில் 85,000. ஏன் இவ்வளவு வித்தியாசம்? – வாசகி, ஈரோடு

பதில்: இரண்டு இடத்திலும் வெட்டப்போவது ஒரே நார்ப்பட்டையைத்தான். மணிக்கட்டில் மீடியன் நரம்பை அழுத்திக்கொண்டிருக்கும் அந்தப் பட்டையைப் பிளந்துவிட்டால் நரம்புக்கு இடம் கிடைத்துவிடும். உள்ளங்கையில் இரண்டு மூன்று சென்டிமீட்டர் கீறல், பதினைந்து இருபது நிமிட வேலை. பில் ஏறுவது சுற்றுச் செலவில். கீறும் இடத்தில் மட்டும் மரப்பு ஊசி போட்டுச் செய்தால் செலவு குறைவு. கை முழுவதையும் மரக்க வைத்தாலோ முழு மயக்கம் கொடுத்தாலோ மயக்க மருத்துவர் கட்டணம், ரத்தப் பரிசோதனை, ஈசிஜி எல்லாம் சேரும். சிறு கீறல் வழியே கேமரா குழாய் விட்டுச் செய்யும் எண்டோஸ்கோப் முறை என்றால் ஒரே தடவை பயன்படுத்தும் கத்திக்குத் தனி விலை. அதில் சில நாள் முன்னதாக வேலைக்குத் திரும்பலாம். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. கடன் வாங்கி அதைச் செய்துகொள்ளத் தேவையில்லை.

பேக்கேஜில் கட்டு மாற்றுவது, 10 முதல் 14 நாளில் தையல் பிரிப்பது, மறுபார்வை எல்லாம் அடக்கமா என்று எழுத்தில் கேளுங்கள். நரம்பு மின்கடத்தல் பரிசோதனை எடுத்திருந்தால் அந்த ரிப்போர்ட்டைக் கொண்டுபோங்கள், மறுபடி எடுக்க வைக்காமல் இருக்கும். சர்க்கரையும் தைராய்டும் பார்த்தாயிற்றா? மரப்பு விட்டுவிட்டு வருவதாக இருந்தால் இரவில் மணிக்கட்டை நேராக வைக்கும் பட்டையையும் ஒரு ஸ்டீராய்டு ஊசியையும் முதலில் முயன்று பார்க்கலாம். கட்டைவிரல் அடியிலுள்ள சதை வற்றத் தொடங்கியிருந்தால் மட்டும் தள்ளிப்போடாதீர்கள். வற்றிய சதை முழுதாகத் திரும்புவது அரிது.

கேள்வி: எனக்கும் அதே ஆபரேஷன். மருத்துவக் காப்பீடு எடுத்து 14 மாதம் ஆகிறது. சர்க்கரை உண்டு, விண்ணப்பத்தில் சொல்லியிருக்கிறேன். காலையில் வந்து மாலையில் போகலாம் என்கிறார் டாக்டர். ‘ஒரு ராத்திரி தங்கு, அப்போதுதான் கிளெய்ம் வரும்’ என்கிறார் மைத்துனர். – வாசகர், மதுரை

பதில்: மைத்துனர் பேச்சைக் கேட்காதீர்கள். தேவையில்லாமல் தங்கினால் அதையே காரணம் காட்டி மறுப்பார்கள். 24 மணி நேரத்துக்குள் முடியும் சிகிச்சைகளுக்கு ‘டே கேர்’ என்ற பிரிவு இருக்கிறது. ஆனால் புறநோயாளி சிகிச்சை அதில் சேராது. கிளெய்ம் நழுவுவது பெரும்பாலும் இங்கேதான்: சின்ன வேலைதானே என்று மருத்துவமனை ஓ.பி. சீட்டிலேயே பில் போட்டுவிடும். டே கேர் அட்மிஷனாகப் பதிவு செய்து, உள்நோயாளி எண்ணும் டிஸ்சார்ஜ் சம்மரியும் தருவார்களா என்று தேதி குறிப்பதற்கு முன்பே கேளுங்கள்.

அடுத்தது காத்திருப்புக் காலம், அதாவது பாலிசி எடுத்த பிறகு சில நோய்களுக்குக் கிளெய்ம் கிடைக்காத காலம். ஏற்கெனவே இருந்த நோய்களுக்கும், பாலிசியில் பெயர் குறிப்பிட்ட நோய்களுக்கும் அதிகபட்சம் 36 மாதம் வரை வைக்கலாம் என்பது 2024 முதல் உள்ள விதி. உங்கள் பாலிசியின் பட்டியலில் கார்பல் டன்னல் என்றே இல்லாவிட்டாலும் ‘தசைநார், மூட்டு சார்ந்த நோய்கள்’ என்று பொதுவாக ஒரு வரி இருக்கலாம், தேடிப் பாருங்கள். சர்க்கரையால் வந்த நரம்புக் கோளாறு என்றும் வாதிடுவார்கள். ‘ரொம்ப நாளா மரப்பு’ என்று பேச்சுவாக்கில் சொன்னது கேஸ் ஷீட்டில் ‘இரண்டு வருடமாக’ என்று ஏறிவிட்டால், பாலிசிக்கு முந்தைய நோய் ஆகிவிடும். பொய் சொல்ல வேண்டாம். எந்த மாதம் தொடங்கியது என்று யோசித்துச் சொல்லுங்கள்.

காத்திருப்பு முடியச் சில மாதமே பாக்கி, சதையும் வற்றவில்லை என்றால், டாக்டரைக் கேட்டுக்கொண்டு பட்டையும் ஊசியுமாகத் தள்ளலாம். சதை வற்றத் தொடங்கிவிட்டால் கைக்காசைப் போட்டாவது செய்துவிடுங்கள்.

கேஷ்லெஸ், அதாவது மருத்துவமனைக்குக் காப்பீட்டு நிறுவனமே நேரடியாகப் பணம் கட்டும் முறை என்றால், விண்ணப்பித்த ஒரு மணி நேரத்தில் முன் அனுமதி பற்றி நிறுவனம் முடிவு சொல்ல வேண்டும். அறை வாடகை வரம்பையும் கவனியுங்கள். 3,000 ரூபாய் வரம்பு வைத்துக்கொண்டு 6,000 ரூபாய் அறை எடுத்தால், கூடுதல் வாடகை மட்டுமல்ல, டாக்டர் கட்டணம், தியேட்டர் கட்டணத்திலும் பாதி வெட்டுப்படலாம். மருந்துக்கும் பரிசோதனைக்கும் அந்த வெட்டு கிடையாது. கையுறை, மணிக்கட்டுப் பட்டை போன்றவை பெரும்பாலும் உங்கள் தலையில்தான். அட்மிஷனுக்கு முந்தைய 30 நாள் செலவைப் பல பாலிசிகள் தரும் என்பதால் மின்கடத்தல் பரிசோதனை ரசீதைத் தொலைக்காதீர்கள். மறுத்தால் எந்த ஷரத்துப்படி என்று எழுத்தில் வாங்குங்கள். முதலில் நிறுவனத்துக்குப் புகார், 30 நாளில் தீராவிட்டால் சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர். கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம்.

கேள்வி: காப்பீடே இல்லை. நான் பனியன் கம்பெனியில் டெய்லர். – வாசகி, திருப்பூர்

பதில்: சம்பளச் சீட்டைப் பாருங்கள். ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசு காப்பீடு) பிடித்தம் 0.75 சதவீதம் இருந்தால் உங்களுக்குக் காப்பீடு இருக்கிறது. மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை இது பொருந்தும். சிகிச்சை இலவசம் என்பதோடு, போதிய நாள் சந்தா கட்டியிருந்தால் டாக்டர் சான்றளிக்கும் விடுப்பு நாட்களுக்குச் சம்பளத்தில் 70 சதவீதமும் உண்டு. தையல் மெஷினுக்குத் திரும்பச் சில வாரம் ஆகும் உங்களுக்கு இதுவும் பெரிய உதவி. ஈ.எஸ்.ஐ. இல்லையென்றால் குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் பட்சத்தில் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை வாங்கலாம். கிராம நிர்வாக அலுவலரின் வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார் போதும். தனியார் மருத்துவமனைக்குப் போவதானால் இந்த ஆபரேஷனுக்கு அங்கே திட்டத்தில் அனுமதி உண்டா என்று காப்பீட்டுப் பிரிவில் முதலில் கேளுங்கள். அட்டை இல்லாமலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாம். சென்னை ஸ்டான்லியில் கைக்கென்றே தனித்துறை 1971 முதல் இயங்குகிறது.

கேள்வி: கண்ணாடி வெட்டி மணிக்கட்டில் தையல் போட்டார்கள். புண் ஆறிவிட்டது, இரண்டு விரலில் உணர்ச்சி இல்லை. – வாசகர், நாகர்கோவில்

பதில்: தோலைத் தைத்து நரம்பை விட்டிருக்கலாம். இந்த வாரமே கை அறுவை நிபுணரைப் பாருங்கள். புதிதாக அறுந்த நரம்பை மைக்ராஸ்கோப்பில் நேரடியாக இணைக்கலாம். நாளாக ஆக முனைகள் சுருங்கி விலகும், காலிலிருந்து நரம்பு எடுத்து ஒட்டுப்போட வேண்டிவரும், செலவும் ஏறும். விபத்துக் காயத்துக்குக் காப்பீட்டில் காத்திருப்புக் காலம் இல்லை. முதல் தையல் போட்ட சீட்டு கையில் இருக்கட்டும். இணைத்த நரம்பு நாளுக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர்தான் வளரும். மணிக்கட்டிலிருந்து விரல்நுனிக்கு ஆறு மாதம் என்று கணக்கு வையுங்கள், அத்தனை மாத பிசியோதெரபி செலவையும் சேர்த்து.