சபை பாடட்டும்: கொயர் பற்றிய கேள்விகளுக்குப் பதில்

ஈரோட்டுப் பக்கம் சர்ச்சில் முப்பது வருடம் கொயர் (பாடகர் குழு) நடத்தியிருக்கிறேன். கேட்டவர்களுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கோபி அக்கா: நல்ல கொயர் இருக்கும்போது சுருதி சேராத சபையாரும் பாடணுமாங்க?

பாடணுங்க அக்கா. கொலோசெயர் 3:16இல் பவுல் சங்கீதங்களாலும் கீர்த்தனைகளாலும் ஞானப்பாட்டுகளாலும் ‘ஒருவருக்கொருவர்’ புத்தி சொல்லச் சொல்கிறார். பக்கத்தில் நிற்பவரின் குரல் நம் காதில் விழ வேண்டும்.

பவானியில் ஜமக்காளம் நெய்த ஒரு பாட்டியம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் பல பாமாலைகள் (மேற்கத்திய மெட்டில் பாடும் தமிழ்த் துதிப்பாட்டுகள்) கடைசிச் சரணம் வரை மனப்பாடம். எல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளில் பக்கத்தில் நின்றவர்கள் பாடக் கேட்டுப் படித்ததுதான். ஒரு நாள் நேரமாகிறதென்று கொயர் இரண்டு சரணத்தோடு நிறுத்திவிட்டது. பாட்டியம்மா மட்டும் மூன்றாம் சரணத்தை எடுத்துவிட்டார். சுற்றிப் பார்த்தார். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அன்றைக்குக் கொயரை நடத்தியவன் நான். அப்புறம் எந்தப் பாட்டிலும் சரணத்தை வெட்டியதில்லை.

திருப்பூர் தம்பி: எங்கள் சபையில் யாருமே வாய் திறப்பதில்லை அண்ணா.

சுருதியை இறக்குங்க தம்பி. பாமாலை மெட்டுகள் நாலு குரலுக்கு எழுதியவை. மேல் குரல் பழகிய சொப்ரானோவுக்கானது (பெண்களின் உச்சக் குரல்), மேற்கத்திய ஸ்வரத்தில் ஈ, எஃப் வரை ஏறும். வயலிலும் மில்லிலும் வாரமெல்லாம் உழைத்துவிட்டு வருகிறவர்களுக்கு உச்ச ஸ்வரம் டி-யைத் தாண்டினால் தொண்டை கட்டிக்கொள்ளும். கீபோர்டில் சுருதியை மாற்றும் டிரான்ஸ்போஸ் பட்டனை இரண்டு மூன்று படி இறக்கிப் பாருங்கள். கொயர் மைக்கையும் குறையுங்கள். தன் குரலே தனக்குக் கேட்காத இடத்தில் மனுசன் பாடமாட்டான்.

பொள்ளாச்சி நண்பர்: எந்தக் கீபோர்டு வாங்கலாம்?

அது வாசிக்கிறவரைக் கேட்க வேண்டிய கேள்விங்க.

தாராபுரம் ஐயா: கீர்த்தனைதான் நம்முடையது. வெள்ளைக்கார மெட்டுப் பாமாலையை நிறுத்திவிடலாமே? (இதற்குக் கோவை தம்பி: கீர்த்தனைதாங்க இழுவை. பசங்க தூங்குறாங்க, அதை நிறுத்துங்க.)

இரண்டு பேரும் பொறுங்க. நம் ராகத்தில் பாடும் கீர்த்தனை, தஞ்சைக் கிறிஸ்தவக் கவிஞர் வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) காலத்துச் சொத்து. ஈரோட்டில் லண்டன் மிஷனில் பாதிரியாராக இருந்த பாப்லி ஐயர் நம் சங்கீதத்தைக் கற்று, 1921இல் இந்திய இசையைப் பற்றி ஒரு நூலே எழுதினார். கீர்த்தனையில் பல்லவி திரும்பத் திரும்ப வருவதால் புத்தகம் இல்லாதவரும் இரண்டாம் சுற்றில் சேர்ந்துகொள்வார். இழுவை என்பது ராகத்தின் குற்றமில்லை தம்பி, தாளம் விட்டுப் பாடுகிற நம் குற்றம். கையில் தாளம் போட்டுப் பாடச் சொல்லுங்கள், பசங்க எழுந்து நிற்பார்கள்.

ஐயா, பாமாலையும் நேற்று வந்ததில்லை. 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த ஜெர்மன் மிஷனரிகளோடு தொடங்கிய பழக்கம், முந்நூறு வருடம் தமிழ் நாவில் புழங்கியிருக்கிறது. அந்தப் பவானிப் பாட்டியம்மாவிடம் போய் அது வெள்ளைக்காரன் பாட்டு என்று என்னால் சொல்ல முடியாது.

தாராபுரம் ஐயா மறுபடியும்: அப்போ எதுதான் உயர்ந்தது?

சபை முழுக்க எதைப் பாடுகிறதோ அதுங்க ஐயா.

கருமத்தம்பட்டி சகோதரி: கத்தோலிக்கத் திருப்பலியிலும் இதே கதைதானா?

ஆமாங்க. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் தந்த வழிபாட்டு ஏடு பாடகர் குழுவையும் வளர்க்கச் சொல்கிறது, மக்கள் பாடவும் வழி செய்யச் சொல்கிறது. உங்கள் பங்குத் தந்தையிடம் பேசுங்கள்.

மேட்டுப்பாளையம் தங்கச்சி: பெண்கள் மட்டும்தான் பாடுறாங்க, ஆண்கள் பாடுறதில்லை.

சுருதிம்மா. திருப்பூர் தம்பிக்குச் சொன்னதைப் படிங்க.

பல்லடம் நண்பர்: பாட்டு ஏறும்போது சபை நின்றுவிடுகிறது, ஏன்?

சுருதி! இறக்குங்க.

அவிநாசி அண்ணா: ஆராதனை நீண்டுபோகிறது. சரணங்களைக் குறைக்கலாமா?

வேண்டாங்கண்ணா. அறிவிப்புகளை அச்சடித்து வாசலில் கொடுத்துவிடுங்கள். பத்து நிமிடம் மிச்சமாகும்.